ஒரு வருத்தமும் தெரியாத அம்மாவுக்கு வார்ஃபரின் எதற்கு?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பிறகு வாசிப்பவர்களுக்கும் விளங்கும். மல்லாவிப் பக்கம் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு 67 வயது. பிரசரும் சீனியும் பல வருடமாக இருக்கின்றன. வழக்கமான கிளினிக்கில் நாடி பிடித்த தாதி சந்தேகப்பட்டு ஈ.சி.ஜி. எடுக்க வைத்திருக்கிறார். 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று கொப்பியில் எழுதி, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் குளிசை தொடங்கியிருக்கிறார்கள். அம்மாவோ தனக்கு ஒன்றும் செய்யவில்லை என்கிறார், வயலுக்கும் போய் வருகிறார். பக்கத்து வீட்டுக்காரர் அது எலி மருந்து என்று சொல்லிவிட்டார். லண்டனில் இருக்கும் அண்ணா அது பழைய மருந்து, இங்கே புதுக் குளிசை தருகிறார்கள் என்கிறார். சோதனைக்கு இரத்தம் கொடுக்கக் கிளிநொச்சிக்குப் போனால் அன்றைய நாள் முடிந்தது. இது ஹார்ட் அட்டாக் மாதிரியா, குளிசையை நிற்பாட்டலாமா என்று கேட்கிறீர்கள். கடைசியில், உங்களுக்கும் சில இரவுகளில் நெஞ்சு படபடக்கிறது, இது பரம்பரையா என்று ஒரு வரி.

இத்தனை கேள்விக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: நன்றாக நடமாடுகிற ஒருவருக்கு, ஆபத்தும் உள்ள ஒரு மருந்தை ஏன் கொடுக்கிறார்கள்? நான் இதய நிபுணர் இல்லை. வன்னியில் மருத்துவக் கிளினிக்குகளில் பல வருடம் தாதியாக நின்றவள். அம்மாவின் கொப்பியையும் எக்கோ (இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் சோதனை) முடிவையும் பார்க்காமல் எத்தனை மில்லிகிராம் என்பது பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றை இப்போதே சொல்லலாம்: அந்தக் குளிசை அம்மாவின் நெஞ்சுக்காகத் தரப்படவில்லை, மூளைக்காகத் தரப்பட்டிருக்கிறது. ஆகவே நீங்களாக நிற்பாட்ட வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

இதயத்தின் மேலறைகள் இரண்டும் சாதாரணமாக நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை ஒழுங்காகச் சுருங்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இந்த நோயில் அவை சுருங்குவதே இல்லை. நிமிடத்துக்கு 350க்கும் மேற்பட்ட மின் துடிப்புகள் கண்டபடி ஓட, தசை வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் கணு ஒன்று அதில் பெரும்பகுதியை மறித்துவிடும். தப்பி வருபவை மட்டும் கீழறைக்குப் போகும். எது எப்போது தப்பும் என்று ஒரு கணக்கும் இல்லை, அதனால்தான் நாடி தாறுமாறாக அடிக்கிறது. ஈ.சி.ஜி. தாளில் உயர்ந்த கோடுகளுக்கு இடையில் உள்ள தூரம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஒவ்வொரு உயர்ந்த கோட்டுக்கும் முன்னால் இருக்கவேண்டிய சின்ன மேடு இருக்காது. ஹார்ட் அட்டாக் என்பது வேறு. அதில் இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. ஒருவருக்கு இரண்டும் இருக்கலாம், ஆனால் அம்மாவின் கொப்பியில் எழுதியிருப்பது அது இல்லை.

வீட்டிலேயே பார்க்கலாம். அம்மாவை ஐந்து நிமிடம் இருக்கவிட்டு, பெருவிரல் பக்கத்து மணிக்கட்டில் மூன்று விரலை மெல்ல வைத்து, முழுதாக ஒரு நிமிடம் பிடியுங்கள். பதினைந்து விநாடி பிடித்து நாலால் பெருக்குவது இங்கே சரிவராது. இரண்டு அடி நெருங்கி வரும், ஒன்று தாமதிக்கும், ஒன்று பலமாக இருக்கும், அடுத்தது விரலில் படாமலே போகும். கீழறை நிரம்புவதற்கு முன்பே சுருங்கினால் அந்த அடி மணிக்கட்டு வரை வராது. அதனால்தான் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து எண்ணும்போது கிடைக்கும் எண் நாடியைவிடக் கூடுதலாக இருக்கும். கையில் கட்டிப் பார்க்கும் மின் பிரசர் மெஷினும் இந்த நோய் உள்ளவர்களிடம் தடுமாறும். மூன்று தரம் எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது.

சரி, நடுங்கினால் நடுங்கட்டும், கீழறை அடிக்கிறதுதானே, அம்மா வயலுக்குப் போகிறாரே என்று தோன்றும். சிக்கல் இடது மேலறையில் ஒதுங்கியிருக்கும் ஒரு சின்னப் பையில் இருக்கிறது. குளத்தை நினைத்துப் பாருங்கள்: வான் பாயும் பக்கம் தண்ணீர் தெளிவாக இருக்கும், அலை தொடாத மூலையில்தான் பாசி படரும். மேலறை சுருங்காதபோது அந்தப் பைக்குள் இரத்தம் தேங்கி உறைகிறது. வால்வுக் கோளாறு இல்லாதவர்களுக்கு மேலறையில் உண்டாகும் இரத்தக் கட்டிகளில் பத்தில் ஒன்பது அங்கேதான் உருவாகின்றன. கட்டி ஒருநாள் கழன்றால் நேரே இடது கீழறை, பெருநாடி, அங்கிருந்து கழுத்து வழியாக மூளை. அதுதான் பாரிசவாதம். சில நேரம் காலுக்கோ குடலுக்கோ போகும், அதுவும் லேசான விஷயம் இல்லை. கட்டி உருவாகும்போது நெஞ்சு நோகாது, மூச்சு முட்டாது. படபடப்பு இருப்பவருக்கும் ஒன்றுமே தெரியாதவருக்கும் இந்த ஆபத்து கிட்டத்தட்ட ஒன்றுதான். சொல்லப்போனால், ஒன்றும் தெரியாதவர்தான் பிந்திப் பிடிபடுகிறார். சிலருக்கு இந்த நோய் இருப்பதே பாரிசவாதத்தோடு வார்டுக்கு வந்த பிறகுதான் தெரியவரும். உங்கள் அம்மாவின் நாடியை யாரோ ஒழுங்காகப் பிடித்திருக்கிறார்கள்.

இந்த நோய் பாரிசவாத ஆபத்தைச் சுமார் ஐந்து மடங்காக்குகிறது என்பது பழைய, உறுதியான கணக்கு. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை, அதற்காகவே டொக்டர்கள் புள்ளி போடுகிறார்கள். 65 முதல் 74 வயதுக்கு ஒன்று, 75 வயதிலிருந்து இரண்டு, பிரசருக்கு ஒன்று, சீனிக்கு ஒன்று, இதயம் பலவீனப்பட்டிருந்தால் ஒன்று, இரத்தக்குழாய் நோய் இருந்தால் ஒன்று, முன்பு பாரிசவாதம் வந்திருந்தால் இரண்டு. அம்மாவுக்கு வயது, பிரசர், சீனி என்று மூன்று ஆகிவிட்டது. இரண்டு வந்தாலே இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். பெண் என்பதற்கும் முன்பு ஒரு புள்ளி போட்டார்கள். 2024 ஐரோப்பிய வழிகாட்டல் அதை எடுத்துவிட்டது. போட்டாலும் எடுத்தாலும் அம்மாவின் விஷயத்தில் முடிவு மாறாது. மூன்று புள்ளி உள்ள நூறு பேரை மருந்தில்லாமல் விட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய மூன்று பேருக்குப் பாரிசவாதம் வரலாம். இந்த எண் ஆய்வுக்கு ஆய்வு மாறும், அதனால் ஒரு மட்டுக்கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு மூன்று என்றால் சின்னதாகத் தெரியும். பத்து வருடம் என்று நினைத்துப் பாருங்கள். அதோடு, இதயத்திலிருந்து வரும் கட்டி பெரிதாக இருப்பதால் இந்த வகைப் பாரிசவாதம் மற்றதைவிடக் கடுமையாக அடிக்கும். படுக்கையோடு போனவரை வைத்துப் பார்க்கும் வேலை யாருடைய தலையில் விழும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இப்போது எலி மருந்து. பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. 1920களில் வட அமெரிக்காவில் பூஞ்சணம் பிடித்த ஒருவகைத் தீவனம் தின்ற மாடுகள் சின்னக் காயத்துக்கே இரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து வேதியியலாளர்கள் அந்தத் தீவனத்திலிருந்து காரணப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் செய்யப்பட்ட வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகத்தான் வந்தது. 1954இல் மனிதருக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த வருடமே அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கும் கொடுத்தார்கள். எலி அளவில்லாமல் தின்று சாகிறது, அம்மாவுக்கு இரத்தத்தைப் பார்த்துப் பார்த்து அளந்து தருகிறார்கள். கிளிநொச்சிப் பயணம் அந்த அளவுக்காகத்தான்.

ஆபத்தே இல்லை என்று சொன்னால் நான் உங்களை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம். வார்ஃபரின் பாரிசவாதத்தைச் சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைக்கும், இது உறுதி. அதே நேரம் வார்ஃபரின் எடுக்கும் நூறு பேரில் வருடத்துக்கு இரண்டு மூன்று பேருக்குப் பெரிய இரத்தப்போக்கு வரலாம். அதில் பெரும்பாலானது வயிற்றிலோ குடலிலோ வருவது, நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தால் சமாளிக்கலாம். மூளைக்குள் கசிவது அரிது, ஆனால் அதுதான் பயப்பட வேண்டியது. ஆகவே அம்மா விழுந்து தலையில் அடிபட்டால், எழும்பி நடந்தாலும் கதைத்தாலும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மலம் தார் மாதிரிக் கறுத்தால், சிறுநீர் சிவந்தால், பல் முரசிலிருந்து இரத்தம் நிற்காவிட்டால் அடுத்த கிளினிக் வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அரிவாள் பட்ட சின்ன வெட்டு என்றால் பதறவேண்டாம், துணியால் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். வயலில் நிற்பவர் என்பதால் இன்னொன்று: புடையன் கடித்தாலும் இரத்தம் உறையாது, வார்ஃபரினாலும் உறையாது. பாம்புக்கடிக்குப் போகும் இடத்தில் குளிசை எடுப்பதைச் சொல்லாவிட்டால் சோதனை முடிவு டொக்டரைக் குழப்பிவிடும்.

கிளிநொச்சியில் இரத்தத்தில் பார்ப்பது ஐ.என்.ஆர். என்கிற எண், இரத்தம் உறைய எவ்வளவு தாமதிக்கிறது என்பதை அது காட்டும். மருந்தில்லாதவருக்கு அது ஒன்றுக்குக் கிட்ட இருக்கும். அம்மாவைப் போன்றவர்களுக்கு 2க்கும் 3க்கும் நடுவில் வைத்திருக்கப் பார்ப்பார்கள். இரண்டுக்குக் கீழே போனால் மருந்து எடுத்தும் பலனில்லை, மேலே ஏற ஏற இரத்தப்போக்கு ஆபத்து கூடும். தொடக்கத்தில் அடிக்கடி பார்ப்பார்கள். எண் நிலைப்பட்டதும் இடைவெளி கூடும், மாதத்துக்கு ஒன்று என்ற அளவுக்கும் வரும். ஆகவே இப்போது அலைகிற அலைச்சல் எப்போதும் இப்படியே இருக்காது. கிளினிக்கில் நான் திரும்பத் திரும்பக் கண்ட ஒரு வீண் துன்பம் இருக்கிறது: ஐ.என்.ஆர். கொடுக்க விடியக்காலை முதல் பஸ்ஸில் வெறும் வயிற்றோடு வருவார்கள். சீனி வருத்தக்காரர் மாங்குளம் தாண்டமுன்பே வியர்த்து மயங்குவார். இந்தச் சோதனைக்குப் பட்டினி தேவையே இல்லை. அன்றைக்கே சீனிக்கும் வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தால் மட்டும் கதை வேறு. மல்லாவி ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்து அனுப்ப ஏற்பாடு உண்டா என்று ஒருதரம் கேளுங்கள், வழி இருந்தால் ஒரு பயணம் மிச்சம்.

குளிசையைப் பின்னேரம் ஒரே நேரத்தில் கொடுங்கள். அப்போதுதான் பகலில் ஐ.என்.ஆர். பார்த்து அளவை மாற்றினால் அன்றிரவே மாற்றலாம். ஒருநாள் மறந்துபோனால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்கவே கூடாது, கொப்பியில் குறித்துவிட்டு வழமைபோலத் தொடருங்கள். வார்ஃபரின் 1, 3, 5 மில்லிகிராம் என்று வெவ்வேறு பலத்தில் வரும். நிறத்தை நம்பாதீர்கள், கம்பனி மாறினால் நிறமும் மாறலாம். உறையில் எழுதியிருக்கும் மில்லிகிராமை வீட்டில் எழுத்துத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு முறையும் வாசிக்க வேண்டும்.

கீரையை விடச் சொன்னார்களா? பலர் அப்படித்தான் விளங்கிக்கொண்டு போகிறார்கள். கீரையில் இருக்கும் வைட்டமின் கே வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும் என்பது உண்மை. அதற்காக முருங்கை இலையையும் பொன்னாங்காணியையும் வல்லாரையையும் தள்ளிவைக்க வேண்டியதில்லை. கிழமைக்கு எத்தனை நாள் எவ்வளவு தின்கிறாரோ அதே அளவாக எப்போதும் இருந்தால் போதும், மருந்தை அதற்கேற்ப அளந்துவிடுவார்கள். மாதக்கணக்கில் தொடாமல் இருந்துவிட்டு, மழை பெய்து கீரை முளைத்ததும் நாளுக்கு இரண்டு வேளை தின்பதுதான் ஐ.என்.ஆரைக் கவிழ்க்கும்.

கீரையைவிட எனக்குப் பயம் முழங்கால் நோவு. வயல் வேலை செய்யும் அம்மாமாருக்கு முழங்கால் நோகாமல் இருக்காது. நோவுக்கு டிக்ளோஃபெனாக் குளிசையோ ஊசியோ கேட்ட இடத்தில் போட்டுவிடுவார்கள். வார்ஃபரினோடு அது சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியும் வாய்ப்பு நன்றாகக் கூடும். நோவுக்கு அளவோடு பனடோல் பரவாயில்லை, அதையும் நாள்கணக்கில் முழு அளவில் எடுப்பதானால் ஐ.என்.ஆர். பார்ப்பவருக்குச் சொல்லுங்கள். மெட்ரோனிடசோல், கோட்ரைமொக்சசோல், சிப்ரோஃப்ளொக்சசின் போன்ற கிருமிக்கொல்லிகளும், பூஞ்சணத்துக்குத் தரும் ஃப்ளூகொனசோலும் ஐ.என்.ஆரை விரைவாக ஏற்றிவிடும். நாட்டு மருந்துக் கசாயத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது அதன் விளைவையும் கணிக்க முடியாது. எந்த இடத்தில் மருந்து வாங்கினாலும், பல்லுப் பிடுங்கப் போனாலும், முதலில் கொப்பியை நீட்டுவதைப் பழக்கமாக்குங்கள்.

அண்ணா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அப்பிக்சபான், ரிவறொக்சபான், டபிகட்ரான் என்று வரும் புதுக் குளிசைகளுக்கு ஐ.என்.ஆர். தேவையில்லை, கீரைத் தொல்லை இல்லை, மூளைக்குள் இரத்தம் கசிவதும் வார்ஃபரினைவிடக் குறைவு. பணக்கார நாடுகளில் இப்போது பெரும்பாலானவர்களுக்கு முதலில் இவற்றைத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அண்ணா இருக்கும் ஊரில் அரிதாகிவிட்ட ஒரு நோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. சிறு வயதில் தொண்டை அழற்சி வந்து, பிறகு மூட்டு வீங்கி, வாதக்காய்ச்சல் என்று மூன்று நாலு கிழமைக்கு ஒருதரம் பென்சிலின் ஊசி போட்டவர்களை எங்கள் தலைமுறை அறியும். அந்தக் காய்ச்சல், இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடும். வால்வு அப்படிச் சுருங்கியவருக்கு இந்தத் துடிப்புக் கோளாறு வந்தால் கட்டி உண்டாகும் ஆபத்து இன்னும் பல மடங்கு. அவர்களுக்குப் புதுக் குளிசை சரிவராது. வாதக்காய்ச்சலால் வால்வு கெட்டவர்களிடம் ரிவறொக்சபானையும் வார்ஃபரின் வகையையும் ஒப்பிட்ட ஒரு பெரிய ஆய்வு 2022இல் வெளிவந்தது. பழைய மருந்து எடுத்தவர்களில்தான் இறப்பும் பாரிசவாதமும் குறைவாக இருந்தன. செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கும் வார்ஃபரின்தான். இடம்பெயர்வுகளில் கிளினிக் கொப்பிகள் தொலைந்து, ஊசியும் விட்டுப்போன வீடுகள் இங்கே எத்தனையோ. அம்மாவுக்கே தனக்குச் சின்ன வயதில் என்ன வந்தது என்று நினைவில்லாமல் இருக்கலாம். அதனால் முதலில் எக்கோ.

எக்கோவில் மைட்ரல் வால்வு நன்றாக இருக்கிறது என்று வந்தால், புதுக் குளிசைக்கு மாற்றலாமா என்று தயங்காமல் டொக்டரிடம் கேளுங்கள். அப்போது பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று சிறுநீரகம்: இவை குறைந்தோ கூடியோ சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் என்ற இரத்தச் சோதனையைப் பார்த்துத்தான் அளவு போடுவார்கள், சீனி உள்ளவருக்கு இது கட்டாயம். மற்றது பணம். வெளியே பார்மசியில் வாங்குவதானால் மாதாமாதம், ஆயுள் முழுக்க வாங்க முடியுமா என்று யோசியுங்கள். இவற்றின் வேலை ஒரு நாளுக்குள் தீர்ந்துவிடும். அண்ணாவின் காசு பிந்திய கிழமையில் குளிசை இல்லாமல் இருப்பதைவிட ஒழுங்காக எடுக்கும் வார்ஃபரின் எவ்வளவோ மேல். இரண்டுக்கும் பதிலாக அஸ்பிரின் போதாதா என்று யாராவது சொன்னால், போதாது. இந்த நோயில் அது பாரிசவாதத்தைத் தடுப்பது சொற்பம், இரத்தம் கசிய வைப்பது சொற்பமில்லை.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் சந்தேகமில்லாதவை. தாறுமாறான துடிப்பை மின் அதிர்ச்சியாலோ மருந்தாலோ பழைய ஒழுங்குக்குத் திருப்ப வேண்டுமா, அல்லது வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தினால் போதுமா என்பதில் கருத்து மாறிக்கொண்டே வருகிறது. 2002இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று, திருப்புவதால் ஆயுள் கூடவில்லை என்றது. 2020இல் வந்த இன்னொன்று, நோய் கண்டு ஒரு வருடத்துக்குள் தொடங்கினால் நன்மை உண்டு என்றது. அம்மாவுக்கு எது பொருந்தும் என்பதை எக்கோவும், மேலறையின் பருமனும், எவ்வளவு காலமாக இருக்கிறது என்ற ஊகமும் சேர்ந்துதான் முடிவு செய்யும். பிசோப்ரோலோல், அட்டெனோலோல் போன்ற ஒரு குளிசை மட்டும் கொடுத்து வேகத்தை அடக்கியிருந்தால் ஏதோ குறைவாகச் செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். வேகம் அடங்காமல் மாதக்கணக்கில் ஓடினால் இதயத் தசையே தளர்ந்துவிடும், அதனால் மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ சொல்லுங்கள். தைரொயிட் பார்த்தார்களா என்றும் கேளுங்கள், அது கூடினாலும் இப்படித் துடிக்கும்.

பாரிசவாதம் எப்படி வரும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சுக் குழறுவது. இதில் ஒன்று கண்டாலும் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். எண்ணெய் பூசிக்கொண்டும், தேத்தண்ணீர் பருக்கிக்கொண்டும் இருக்க வேண்டாம், விழுங்க முடியாதவருக்கு அது சுவாசக்குழாய்க்குள் போய்விடும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் அவகாசம், அதுவும் ஸ்கேன் எடுத்த பிறகுதான், எல்லா ஆஸ்பத்திரியிலும் அந்த வசதி இல்லை. வன்னித் தூரத்தில் அந்த நேரம் வழியிலேயே கரைந்துவிடும். வார்ஃபரின் எடுப்பவர் என்பதையும் சொல்ல வேண்டும், ஐ.என்.ஆர். ஏறியிருந்தால் அந்த ஊசி போடமாட்டார்கள்.

கடைசியாக உங்கள் படபடப்பு. 67 வயதில் பிரசரோடும் சீனியோடும் அம்மாவுக்கு வந்தது பெரும்பாலும் வயதும் அந்த இரண்டு நோயும் சேர்ந்து கொண்டுவந்தது, அதை வைத்து உங்களுக்கும் இருக்கிறது என்று சொல்ல முடியாது. இளவயதிலேயே குடும்பத்தில் பலருக்கு வந்திருந்தால்தான் பரம்பரையை யோசிப்போம். 2009 போரைக் கடந்து வந்தவர்கள் இரவில் திடுக்கிட்டு எழும்பி நெஞ்சு அடிக்க இருப்பது இங்கே பல வீடுகளில் உண்டு. அதை முழுக்க மனப்பிரச்சினை என்று தள்ளுவதும் பிழை, முழுக்க இதயம் என்று பயப்படுத்துவதும் பிழை. இரத்தச்சோகையும் தைரொயிட்டும்கூட இதையே செய்யும், இரண்டும் ஒரு இரத்தச் சோதனையில் தெரியும். வெளிநாட்டிலிருந்து யாராவது நாடி பார்க்கும் கைக்கடிகாரம் அனுப்பியிருந்தால் அது சொல்வதை ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளலாம், அதை வைத்து மருந்து தொடங்க முடியாது. அப்படிச் சில நிமிடம் மட்டும் பிடிபடும் கோளாறுக்கு மருந்து வேண்டுமா என்பதில் நிபுணர்களுக்கே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. படபடப்பு இல்லாத நேரம் எடுத்த ஈ.சி.ஜி. நன்றாக இருந்தால் அது பாதிப் பதில்தான். அடுத்த தரம் வரும்போது முதலில் உங்கள் மணிக்கட்டிலேயே ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். வேகமாக ஆனால் ஒரே சீராக அடிக்கிறதா, ஒழுங்கில்லாமல் அடிக்கிறதா என்று எழுதி வையுங்கள். நீடித்தால் அந்த நேரத்திலேயே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்து, அந்தத் தாளை அம்மாவின் கொப்பிக்குள் இல்லாமல் தனியாக ஒரு கொப்பியில் ஒட்டி வையுங்கள். மயக்கம் வந்தாலோ நெஞ்சு நொந்தாலோ விடியும்வரை இருக்க வேண்டாம்.